மேல்கணக்குக்குத் தனி வழி

“அண்ணே, ஒங்க ஓட்டய எனக்கு விட்டுக் குடுங்க.”

எங்கள் பஜனைக் குழுவின் கீபோர்ட் மாஸ்டர் என்னிடம் இப்படிக் கேட்டார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வது போல அத்தனை இலகுவாகக் கேட்டார். வெள்ளிக்கிழமைப் பஜனை முடிந்து கோயில் மண்டபத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். அவர் கேட்டது மிக்சரில் இருக்கும் ஓட்டையை. பாடுகிறவர்களின் மைக், கீபோர்ட், டோல்கி, என்னுடைய பேஸ் கிட்டார் எல்லாம் வயர் வழியாக வந்து சேரும் இடம் அந்த மிக்சர்தான். எங்கள் கோயில் மிக்சர் சின்னது. சொருகும் ஓட்டைகள் எல்லாம் ஏற்கெனவே நிறைந்துவிட்டன. மாஸ்டரோ புதிதாகத் தட்டுகிற பேட் ஒன்று வாங்கியிருந்தார். விரலால் தட்டினால் அதில் உடுக்கை வரும், உறுமி வரும், கைதட்டல் வரும், கேட்டால் கடல் அலையும் வரும். தெரணியகலை மலைக்குள்ளே இருக்கும் அம்மனுக்குக் கடல் அலை எதற்கு என்று கேட்க வாய் வந்தது. சுண்டலைப் போட்டு அடைத்துக்கொண்டேன்.

“அப்ப நான் எங்க சொருவுறது மாஸ்டர்?”

“நீங்க எதுக்குண்ணே செரமப்படணும்? பேஸ நான் எடது கையிலயே வாசிச்சிருவேன். இப்ப எல்லா பேண்ட்லயும் அப்பிடித்தான்.”

அந்த இடது கையை எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டு நடக்கும்போது அது பாதி நேரம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிடும். மீதி நேரம் போனில் பாட்டு வரிகளைத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தக் கைக்கு என் வேலையைக் கொடுக்க வேண்டுமாம்.

பஜனையில் வாசிப்பது எனக்குப் பொழுதுபோக்கு என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரிக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது நான் வார்டுக்கு வெளியே நின்று மாரியம்மனிடம் ஒன்று சொன்னேன். தாயே, இவளை எனக்குத் திருப்பிக் கொடு, என் விரல் அசையும்வரை உன் திருவிழாவில் உன் முன்னால் நின்று வாசிக்கிறேன் என்றேன். மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். அம்மன் கொடுத்தாள். அவள் தர வேண்டியதைத் தந்துவிட்டாள், நான் கொடுக்க வேண்டியதை ஒரு பேட்டுக்காக நிறுத்திவிடவா? சாமியிடம் போய், தாயே மன்னித்துக்கொள், மிக்சரில் ஓட்டை இல்லை என்று சொல்ல முடியுமா?

“தலைவர்கிட்ட கேப்போம்” என்றேன்.

கோயில் தலைவர் எங்களோடு உட்கார்ந்துதான் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதும் உடனே பதில் சொல்லமாட்டார். முதலில் மேலே கூரையைப் பார்ப்பார், பிறகு தன் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்ப்பார், அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

“பேஸுன்னா எது? அந்த நீட்டுக் கிட்டாரா?” என்றார்.

“ஆமாங்க தலைவரே.”

“அதுல சத்தம் வருமா?”

மாஸ்டர் சிரித்துவிட்டார். இத்தனை வருடங்கள் இந்த மனிதர் தலைமை வகிக்கும் கோயிலில் நின்று வாசித்திருக்கிறேன். நான் கையில் வைத்திருந்தது என்ன என்று நினைத்தார், மண்வெட்டியா?

பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அது என்னை இன்னும் எரித்தது. எங்கள் தோட்டம் இரண்டு கணக்கு. டிவிசனைத்தான் நாங்கள் கணக்கு என்போம். கோயிலும் தேயிலை அரைக்கும் ஸ்டோரும் கீழ்க்கணக்கில். நான் ஸ்டோரில் ரோலர் அறையில் வேலை, வீடும் இங்கேதான். ரப்பர் மலையைத் தாண்டி மேலே ஏறினால் மேல்கணக்கு. தலைவர் வீடு அங்கே, பஜனை முடிகிற நேரத்துக்குத்தான் இறங்கி வருவார். ஏறி இறங்க முடியாதவர்கள், பிள்ளை பெற்றவர்கள், முழங்கால் போனவர்கள் எல்லோரும் பஜனையை அங்கிருந்தே கேட்பார்கள். அதற்காகக் கோயிலிலிருந்து வயர் இழுத்து, மேலே பலா மரத்தில் குழாய் ஸ்பீக்கர் இரண்டு கட்டியிருக்கிறது. அந்தக் குழாய்க்கு மணிச் சத்தம் தெரியும், பெண்கள் பாடுவது தெரியும், பூசாரி தும்முவது கூடத் தெரியும். கனத்த சத்தம் மட்டும் அதில் நுழையாது. என் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை நான் என்ன பாடுபட்டு மீட்டினாலும் மேலே போய்ச் சேர்வது வெறும் காற்று. கோயிலின் முன்னால் இருக்கும் பெட்டி ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் நான் உண்டு. மேல்கணக்குக்கு நான் பிறக்கவேயில்லை.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். “திருவிழாவுக்கு முந்துன வெள்ளிக்கெழம நான் எறங்கி வரல. வாசல்ல ஒக்காந்து கேக்கிறேன். ஒன் பேஸு எங்காதுல விழுந்துச்சின்னா நீ வாசி. விழலன்னா மாஸ்டருக்கு எடத்த விட்டுரு. மேக்கணக்குக்குக் கேக்காத சாமானுக்கு எதுக்குப்பா ஒரு வயர் வீணா?”

நான் வாசிப்பது சாமானாம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரி முதலில் மாஸ்டரை ஏசினாள், பிறகு தலைவரை, கடைசியில் என்னை. “அப்ப எந்தம்பி குடுத்த பெட்டிய என்னாத்துக்கு வச்சிருக்கீங்க? பூச பண்ணவா?” என்றாள்.

இவள் தம்பி, என் மச்சான், கட்டாரில் வேலை. லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டி கொண்டுவந்தான். கிட்டார் வயரை அதற்குள் விட்டால் சத்தத்தைப் பல மாதிரி மாற்றி வெளியே அனுப்பும். நல்ல கனம், கறுப்பு நிறம், நடுவில் சின்னத் திரை, கீழே வரிசையாக இரும்புக் குமிழ்கள். அந்தக் குமிழ்களைக் காலால் மிதிக்க வேண்டும். வந்த அன்றைக்கே மச்சான் தரையில் வைத்து மிதித்துக் காட்டினான். இவள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

“அடேய், வாத்தியத்தையா மிதிக்கிற? கால எடுடா!”

“அக்கா, இது மிதிக்கத்தான் செஞ்சிருக்கு.”

“எவன் செஞ்சான்? அவன் வீட்ல சரஸ்வதி பூச இல்லியா?”

அவள் பக்கம்தான் நானும். நவராத்திரிக்குப் புத்தகத்தையும் கத்தரிக்கோலையும் கூடக் கழுவிப் பொட்டு வைக்கிற ஜனங்கள் நாங்கள். கால் தெரியாமல் புத்தகத்தில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அம்மன் சந்நிதியில் நின்றுகொண்டு, வாத்தியத்தைக் கரப்பான் பூச்சியை நசுக்குவது போல நசுக்குவதா? டவுனில் கல்யாண மேடைகளில் பையன்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பாட்டுக்கு ஒரு மிதி, வரிக்கு ஒரு மிதி. பார்க்கவே கூசும். அதனால் அந்தப் பெட்டி சாமி படங்களுக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு சும்மா இருந்தது. இவள் கேட்டது சரி. அதற்குப் பூசைதான் நடந்தது, வேலை நடக்கவில்லை.

இப்போது வேறு வழியில்லை. முக்காலி ஒன்றைக் கழுவி, மஞ்சள் துணி விரித்து, பெட்டியை அதன்மேல் வைத்தேன். காலால் மிதிக்கப்போவதில்லை, குனிந்து கையால் அமுக்கிக்கொள்கிறேன் என்று அம்மனுக்கும் வீட்டுக்காரிக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு வயரைச் சொருகினேன்.

சுவிட்ச் போட்டதுமே நல்ல சகுனம். திரையில் வந்த முதல் சத்தத்தின் பெயர் நரகமாம். அடுத்தது பிசாசு. அதற்கடுத்ததைக் கூட்டிப் படித்ததில் சுடுகாடு போலத்தான் பொருள் வந்தது. நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்த இங்கிலீசு போதும், இதைப் படிக்க. இதைத்தான் இத்தனை மாதமாக அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறோம்! இவளிடம் மூச்சு விடவில்லை. நரகத்தை முதலில் அழித்தேன். அந்த இடத்தில் குமிழை ஒவ்வோர் எழுத்தாகத் திருகித் திருகி ‘அம்மா’ என்று இங்கிலீசில் பெயர் வைத்தேன். அதற்கே ஒரு பொழுது போயிற்று.

பிறகு போனில் வீடியோ பார்த்தேன். ஒவ்வொருவனும் முதலில் தன் தாடியைத் தடவுவான், பிறகு தன் பின்னால் தொங்கும் கிட்டார்களைக் காட்டுவான், பிறகு வேகமாக நாலு வாசிப்பு வாசிப்பான். நமக்கு வேண்டியதை மட்டும் சொல்லமாட்டான். அவர்களில் ஒருவனாவது பலா மரத்துக் குழாய்க்கு வாசித்திருப்பானா? கடைசியில் ஒருவன், அவனுக்கும் தாடிதான், உருப்படியாக ஒன்று சொன்னான். பேஸ் சத்தத்தைப் பெட்டிக்குள்ளேயே இரண்டு வழியாகப் பிரிக்கலாமாம். ஒரு வழியில் அடிச் சத்தத்தைச் சுத்தமாக அப்படியே விட வேண்டும். இன்னொரு வழியில் அடியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்க வேண்டும். சின்ன ஸ்பீக்கரில் அடிச் சத்தம் வராவிட்டாலும், அந்தக் கரகரப்பைக் கேட்டதும் காது தானே அடியை நினைத்துக்கொள்ளும் என்றான். காது இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொள்ளும் என்பதை மட்டும் உடனே நம்பினேன். மாஸ்டரின் சங்கீதத்தைப் புகழ்கிறவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்களே.

திரையில் அது ஒரு கோடாகத்தான் தெரியும். கிட்டார் ஒரு முனை, வெளியே போகும் வாசல் மறுமுனை. குமிழை அமுக்கித் திருகினால் கோடு நடுவில் கிளை பிரியும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. அவர்கள் ஏ என்றும் பி என்றும் போட்டிருந்தார்கள். நான் கீழ்க்கணக்கு, மேல்கணக்கு என்று வைத்துக்கொண்டேன். கீழ்க்கணக்குக் கோட்டில் சத்தம் ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும் ஒன்றை மட்டும் போட்டேன். மேல்கணக்குக் கோட்டில் முதலில் அடியை வெட்டும் ஒன்று, பிறகு கரகரப்பாக்கும் ஒன்று. பெட்டியின் பின்னால் வெளியே போக இரண்டு ஓட்டை இருந்தது. கீழ்க்கணக்கு ஒன்றில் போகும், மேல்கணக்கு மற்றதில் போகும், ஆயிற்று என்று நினைத்தேன்.

“கேளு” என்றேன் இவளிடம். ஒரு ஓட்டையிலிருந்து, ஸ்பீக்கரோடு இருக்கும் என் பழைய பேஸ் பெட்டிக்கு வயரைச் சொருகி வாசித்தேன். பிறகு மற்ற ஓட்டைக்கு மாற்றி வாசித்தேன்.

“ரெண்டும் ஒரே எழவாத்தான் இருக்கு.”

“நல்லாக் கேளு.”

“ஏங்க, இவ்வளவு நாளா ரப்பர் மரத்துல பால் வெட்டுற கத்தி சத்தத்துலயே கத்தி மழுங்கிருச்சான்னு சொல்லுறவ நான். ரெண்டும் ஒண்ணுதான்.”

ஒன்றுதான். திரும்பத் திரும்பப் பார்த்து, கடைசியில் கோட்டின் முடிவில் போய்ப் பார்த்தேன். பிரிந்த இரண்டு கோடுகளும் வாசலுக்குப் போகும் முன்னால் மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. சேரும் இடத்தின் பெயர் மிக்சர். பெட்டிக்குள்ளேயும் ஒரு மிக்சர்! அங்கே கோயிலில் ஒரு மிக்சர் என் உயிரை வாங்குகிறது என்று இங்கே வந்தால், இதற்குள்ளும் ஒன்று உட்கார்ந்துகொண்டு, நான் பிரித்ததையெல்லாம் கலந்து கொட்டுகிறது.

“மிக்சர்னா எனக்குத் திங்கிற மிக்சர்தான் தெரியும்” என்றாள் இவள். “அதுலயும் கடலயத் தனியா, காராபூந்தியத் தனியா பொறுக்கித் திங்கலாமில்ல?”

பொறுக்கலாம். கீழ்க்கணக்கை முழுக்க இடது பக்க ஓட்டைக்கும், மேல்கணக்கை முழுக்க வலது பக்க ஓட்டைக்கும் தள்ளினால் இரண்டும் கலக்காது. அதைக் கண்டுபிடித்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை.

நீளமான வயர் வேண்டியிருந்தது. தெரணியகலை டவுனில் கடைக்காரர், “பேஸ் எக்கட்ட வயர் தெகக் மொகடத, அய்யே?” என்றார். ஒரு பேஸுக்கு இரண்டு வயர் எதற்காம். கோயில் இரண்டு, இல்லை, கணக்கு இரண்டு, இல்லை, ஸ்பீக்கர் இரண்டு மாதிரி என்று சிங்களத்தில் விளக்க ஆரம்பித்து நானே சிக்கிக்கொண்டேன். அவர் பாவம், தலையை ஆட்டிக்கொண்டே சுற்றிக் கொடுத்தார்.

அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த பஜனைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இருந்த ஒரு ஓட்டைக்கே சண்டை. இப்போது எனக்கு இரண்டு ஓட்டை வேண்டும்.

மாஸ்டர் கீபோர்டில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “ஒண்ணக் கேட்டா ரெண்டு கேக்குறீங்களே அண்ணே! அப்ப பாடுற பொம்பளைங்க வாய்ல சொருவுறீங்களா? இல்லாட்டி ஒண்ணு செய்யிங்க. பூசாரி போன் சொருவுற ஓட்ட இருக்கில்ல, அதுல போய்ச் சொருவுங்க!”

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கும் முதலில் முகம்தான் எரிந்தது. பிறகு நான் அந்த ஓட்டையைப் போய்ப் பார்த்தேன்.

மேலே பலா மரத்துக் குழாய்க்குச் சத்தம் கொடுப்பது கோயிலின் பழைய ஆம்பிளிஃபயர். அது பூசாரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. அதில் ஒரு ஓட்டையில் பூசாரி மைக், ஒன்றில் மிக்சரிலிருந்து வரும் வயர், மூன்றாவதில் பூசாரி போன். அந்த மூன்றாவதில் என் மேல்கணக்கு வழியைச் சொருகினால் அது நேராகக் குழாய்க்குப் போகும். கீழ்க்கணக்கு வழியை வீட்டிலிருக்கும் என் பேஸ் பெட்டியைக் கொண்டுவந்து அதில் சொருகினால் மண்டபத்துக்குக் கேட்கும். மிக்சரே வேண்டாம். மாஸ்டர் என்னை மட்டம் தட்டச் சொன்ன வார்த்தை, அவரை அறியாமலே எனக்கு உதவிவிட்டது. அந்த அறிவு அவருக்குச் சொந்தமில்லை என்பதால் நன்றி சொல்லவில்லை.

பூசாரியிடம் கேட்டேன்.

“அப்ப எம்போன எங்க போடுறது?” என்றார்.

“பஜன நேரத்துல ஒங்களுக்குப் போன் எதுக்குங்க சாமி?”

“அதுலதானப்பா நான் மணிச் சத்தம் போடுறது.”

தலைக்கு மேலே பித்தளை மணி கயிற்றோடு தொங்குகிறது. இவர் போனில் மணி அடிக்கிறார்! “கயித்த இழுக்கலாமே சாமி” என்றேன். தோள்பட்டை வலிக்குது என்றார். திருவிழா முடியும்வரை மணியை நானே வந்து இழுக்கிறேன் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டை கிடைத்தது.

மாஸ்டரிடம் போய், “என் ஓட்டய எடுத்துக்கங்க” என்றேன். அவருக்கு வெற்றி பெற்ற முகம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவளை மேல்கணக்குக்கு அனுப்பினேன். பலா மரத்தடியில் நின்று போனில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நான் கோயிலில். வாசித்துவிட்டுக் கேட்டேன்.

“கேக்குதா?”

“யாரோ பலகையில தட்டுறாங்க.”

“பலக இல்லடி, நான்தான்.”

“ஐயோ, நீங்களா? அப்ப சரி, தட்டுங்க.”

கரகரப்பைக் கூட்டினேன். “இப்ப?”

“இப்ப லொறி மேட்டுல ஏற முடியாம நிக்கிது. இங்க ஒரு மாடு பயந்து ஓடுது, பாத்துக்கங்க.”

குறைத்தேன். வெட்டிய அடியில் கொஞ்சத்தைத் திரும்பக் கொடுத்தேன். மறுபடி கூட்டினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தாள். தவளை, அரைக்கிற மெஷின், தலைவரோட குறட்டை. சிரித்துச் சிரித்து எனக்கு விரல் தவறியது. பிறகு ஒரு தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

“லைன் போயிருச்சா?” என்றேன்.

“இல்ல. வாசிங்க.”

நான் வாசித்தேன். பாட்டு முடிந்த பிறகு, “இப்பிடியே வைங்க. தொடாதீங்க” என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. மேல்கணக்கில் நின்றுகொண்டு என்னைக் கேட்ட முதல் ஆள் அவள். ஆஸ்பத்திரியில் கண் திறந்த அவள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மஞ்சள் துணி விரித்த முக்காலியில் பெட்டி. இவள் அதற்கு ஒரு பொட்டு வைத்து, ஓரத்தில் செவ்வரத்தம் பூவும் வைத்திருந்தாள். பெட்டியில் இரண்டு விளக்குகள் எரியும், ஒவ்வொரு வழிக்கும் ஒன்று. இரண்டும் எரிவதைப் பார்த்துவிட்டு, செருப்பில்லாத காலைத் தரையில் ஊன்றி, அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் என் பேஸ் பெட்டி கும்மென்று அதிர்ந்தது. மாஸ்டர் தன் பேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். இடது கை கண்ணாடியைத் தூக்கிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல பஜனை. அன்றைக்கு எனக்கு அழுகை கூட வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

தீபாராதனைக்கு மணியை இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் என் பெட்டியின்மேல் ஒரு தாம்பாளம். தேங்காய் மூடி, வாழைப்பழம், வெற்றிலை எல்லாம் நிறைந்த பித்தளைத் தாம்பாளம், ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. தூக்கினேன். அதன் அடி சரியாக ஒரு குமிழை அமுக்கியிருந்தது. கீழ்க்கணக்கு விளக்கு எரிந்தது. மேல்கணக்கு விளக்கு அணைந்திருந்தது.

எப்போது வைத்தார்கள்? எத்தனை பாட்டுக்கு முன்னால்? எனக்கு என் பேஸ் பெட்டியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வழியையும் கலக்காமல் பிரித்து வைத்தது நானல்லவா? ஒன்று செத்தால் மற்றதுக்குத் தெரியாதபடி அத்தனை நேர்த்தியாகப் பிரித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சோற்றை அப்படியே மூடி வைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று, தாயே, இது உன் தாம்பாளம், உன் பிரசாதம், நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

சனிக்கிழமை காலை திருவிழாவுக்குக் கோயில் கழுவும் வேலை. எல்லோரும் துடைப்பமும் வாளியுமாக நின்றோம். தலைவர் த்ரீவீலரில் வந்து இறங்கினார். கூரையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். நேரே மாஸ்டரிடம் போனார்.

“ஏன் மாஸ்டர், நேத்து பாட்ட நடுவுல நிறுத்திட்டீங்களா?”

“நிறுத்தலியே தலைவரே!”

“பொய் சொல்லாதீங்க. மொதல்ல நல்லா நெஞ்சுக்குள்ள போற மாதிரி இருந்துச்சி. எங்க வீட்ல எல்லாரும் கேட்டோம். நடுவுல பாட்டு பல்லுப் போன வாய் மாதிரி ஆயிருச்சே? கீபோர்ட் கெட்டுப் போச்சா, இல்ல சாப்பிடப் போயிட்டீங்களா?”

“நான் முழுக்க வாசிச்சேன் தலைவரே! பேட் கூட வாசிச்சேன்!”

“பேட்டு கேட்டுச்சி. டக்கு டக்குன்னு அது கேட்டுச்சி. நான் கேக்கிறது அத இல்ல. அந்த... கும்முன்னு வந்துச்சில்ல, அது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த வாளித் தண்ணீர் பாதி என் காலிலேயே கொட்டியது. அவர் கேட்டிருக்கிறார். என் மேல்கணக்கு வழி அவர் வாசல்வரை போயிருக்கிறது. ஆனால் அவர் அதை மாஸ்டர் கணக்கில் எழுதிவிட்டார்! நல்லதாக இருந்தால் அது மாஸ்டருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. குறை சொல்லும்போது கூட எனக்கு ஒரு குறை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

“தலைவரே, அது மாஸ்டர் இல்லங்க. நான்” என்றேன்.

“எது?”

“அந்தக் கும்முன்னு வந்தது. நடுவுல போனதும் நான்தான்.”

“நீயா? நடுவுல எங்க போன? பீடி குடிக்கப் போனியா?”

“பெட்டி மேல தாம்பாளத்த வச்சிட்டாங்க தலைவரே. அது அமுங்கி ஒங்க பக்கத்துக்குப் போற வழி மட்டும் அடச்சிருச்சி.”

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“மஞ்சத் துணி விரிச்சிருக்கு. பொட்டு இருக்கு. பூவு இருக்கு. சின்ன வெளக்கு வேற எரியிது” என்றார். “நான் சாமி பீடம்னு நெனச்சேன்பா. ஒரு தடவ விழுந்து கும்பிட்டுட்டுத்தான் வச்சேன்.”

வீட்டுக்காரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது.

தலைவர் மறுபடி கூரையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். தன் வீட்டில் கேட்ட சத்தத்தையும் என் முகத்தையும் பொருத்திப் பார்க்க அவருக்கு அத்தனை நேரம் எடுத்தது.

“அப்ப அது கீபோர்ட் இல்லியா?” என்று மறுபடியும் மாஸ்டரிடம் கேட்டார்.

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “இல்ல” என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். பார்வையைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

“அப்ப திருவிழாவுல அது இருக்கணும்” என்றார் தலைவர். “பூசாரி, தட்டு வைக்க வேற எடத்தப் பாரு.”

தீர்ப்பு அவ்வளவுதான். எனக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. திரும்பி த்ரீவீலரில் ஏறிவிட்டார்.

திருவிழாவன்று பகல் பூசையில் அம்மன் அலங்காரத்தோடு வெளியே வந்தபோது நான் வாசித்துக்கொண்டிருந்தேன். முக்காலியில் மஞ்சள் துணி இல்லை, பூ இல்லை, பொட்டு இல்லை. வீட்டுக்காரி பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்து, யாராவது தட்டோடு வந்தால் முறைத்தாள். அம்மன் என்னைக் கடக்கும்போது தலையைக் குனிந்தேன். ஆனாலும் கம்பியை விடவில்லை. சொன்னதைச் செய்தேன் தாயே என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன்.

வெயில் தாழ்ந்ததும் மேல்கணக்கிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தார். பலா மரத்தடியில் பிள்ளை தூங்குகிறதாம்.

“அந்தக் கும்கும்மு சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க” என்றார்.

நான் குறைக்கவில்லை.